காகிதம் காய்வதற்குள்: நீர்வண்ணம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: வண்ணம் காயும் வேகம். குளிர் நாட்டு ஓவியர் வீடியோவில் ‘பத்து நிமிடம் பொறுங்கள்’ என்றால் அது அவர் ஊர்ப் பத்து நிமிடம். மே மாத மதுரையில் அதே வேலைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையில் அரை மணி நேரம் ஆனாலும் காகிதம் சில்லென்றே இருக்கும். கடிகாரத்தை விட்டுவிட்டுக் காகிதத்தின் பளபளப்பைப் பார்க்கப் பழகுவது நல்லது.

வானத்துக்கு நீலம் பூசி முடித்ததும் நடுவில் காலிஃபிளவர் மாதிரி ஓரம் சிதறிய வட்டங்கள் வந்துவிடுகின்றன. கலர் மட்டமா, காகிதம் மட்டமா?
— வாசகி, திண்டுக்கல்

இரண்டும் இல்லை. தண்ணீர்தான். பூசிய வண்ணம் பாதி காய்ந்திருக்கும்போது அதைவிட ஈரமான பிரஷ்ஷோ, ஒரு சொட்டுத் தண்ணீரோ பட்டால், புதுத் தண்ணீர் பாதி காய்ந்த பகுதிக்குள் பரவும். போகிற வழியில் இருக்கும் நிறமியை எல்லாம் தள்ளிக்கொண்டு போய், தன் ஓரத்தில் கொட்டிவிட்டுக் காயும். அந்த ஓரம்தான் உங்கள் காலிஃபிளவர்.

காகிதத்தின் ஈரத்தை ஐந்து கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவது, தண்ணீர் தேங்கி நிற்பது. இரண்டாவது, தேக்கம் இல்லாமல் கண்ணாடி போல் பளபளப்பது. மூன்றாவது, பளபளப்பு மங்கிக்கொண்டே வருவது. நான்காவது, பளபளப்பு போய்விட்டது, ஆனால் புறங்கையை வைத்தால் குளிர்கிறது. ஐந்தாவது, முழுக்கக் காய்ந்தது. இரண்டாவது கட்டத்தில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம், மென்மையாகப் பரவும். மூன்றாவதில் தண்ணீர் குறைந்த, பசை போன்ற கெட்டி வண்ணத்தை மட்டும் சேர்க்கலாம். மேகத்தின் அடிநிழல், தூரத்து மரங்கள் எல்லாம் இந்த நேரத்து வேலை. நான்காவது கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வீணாகிற வானங்களில் பெரும்பாலானவை இந்த நான்காவது கட்டத்தில், ‘இங்கே கொஞ்சம் சரி செய்துவிடலாம்’ என்று தொட்டதால் வீணாகின்றன.

திண்டுக்கல் வெயிலில் இரண்டாவது கட்டமே கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதை நீட்டிக்க வழி உண்டு. மின்விசிறியை நிறுத்துங்கள், அதுதான் முதல் எதிரி. காகிதத்தின் பின்பக்கத்தையும் நன்றாக நனைத்து, ஒரு அக்ரிலிக் தகட்டின் மேலோ மெலமைன் தட்டின் மேலோ ஒட்டவைத்தாற்போல் விரியுங்கள். இரண்டு முறை, மூன்று நிமிட இடைவெளியில் நனைத்தால் பருத்திக் காகிதம் உள்ளே வரை ஈரம் பிடித்து, கோடையில்கூட நின்று நிதானமாக வேலை செய்ய நேரம் தரும். ஒரு குவளைத் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு கிளிசரின் விடுவதும் உதவும். அதிகம் விட்டால் மழைக்காலத்தில் ஓவியம் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

வானத்துக்கு வேண்டிய நீலத்தைத் தொடங்கும் முன்பே தேவைக்கு இரண்டு மடங்காகக் கலக்கிவையுங்கள். பாதியில் தீர்ந்து, மறுபடி கலக்கிக்கொண்டு வருவதற்குள் காகிதம் மூன்றாவது கட்டத்துக்குப் போயிருக்கும். பலகையின் தலைப்பக்கம் ஒரு புத்தகத்தை வைத்துச் சற்றே சாய்த்து, கீழே வந்து தேங்கும் சொட்டைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுங்கள். அதை விட்டால் காயும்போது மேல் நோக்கி ஏறி அங்கே ஒரு பூ பூக்கும்.

பூ வந்தே விட்டதா? ஈரமாக இருக்கும்போது தொடாதீர்கள். முழுக்கக் காயவிட்டு, ஓரத்தை மட்டும் ஈரப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுங்கள். பாதி போகும். மீதியை ஒரு மேகமாக்கிவிடலாம்.

ஈரமாக இருக்கும்போது அழகாக இருக்கும் வண்ணம் காய்ந்ததும் வெளிறிப்போவது ஏன்?
— வாசகர், விருதுநகர்

நீர்வண்ணத்தின் இயல்பு அது. ஈரப்படலம் இருக்கும்வரை நிறம் ஆழமாகத் தெரியும், தண்ணீர் போனதும் ஒரு படி வெளுக்கும். ‘ஐயோ, கொஞ்சம் அதிகமாகிவிட்டதே’ என்று தோன்றும் அளவுக்குக் கலந்தால் காய்ந்த பிறகு சரியாக இருக்கும். அதே காகிதத்தின் ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூசிக் காயவிட்டுப் பாருங்கள். வேறு காகிதத்தில் சோதித்தால் பயனில்லை.

கையில் குறைந்த பணம்தான் இருக்கிறது. முதலில் நல்ல பிரஷ் வாங்குவதா, நல்ல கலரா, நல்ல காகிதமா? கைத்தயாரிப்புக் காகிதம் சரிவருமா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

காகிதம். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. நல்ல காகிதத்தில் பள்ளிக்கூடக் கலர் பெட்டி கூட ஓரளவு மரியாதையாக நடந்துகொள்ளும். மட்டமான காகிதத்தில் உலகத்தின் விலை உயர்ந்த கலரும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும்.

பார்க்க வேண்டியவை: 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடை, 100 சதவீதம் பருத்தி, ‘கோல்ட் பிரஸ்’ எனப்படும் நடுத்தரச் சொரசொரப்பு. மரக்கூழ்க் காகிதத்தில் வண்ணம் மேலேயே நின்று சட்டென்று காயும். அடுத்த பூச்சு போடும்போது அடியில் உள்ளது கரைந்து வந்துவிடும். 25 சதவீதம் பருத்தி என்று விற்பவை பயிற்சிக்குப் போதும். ஏடாகத் தைத்த நோட்டைவிட 22க்கு 30 அங்குல முழுத்தாளாக வாங்கி நீங்களே வெட்டிக்கொள்வது சிக்கனம். ஒரு தாளில் ஏழரைக்குப் பதினொன்று அளவில் எட்டுத் துண்டு வரும். இரண்டு பக்கமும் பயன்படுத்தினால் பதினாறு.

நம் கடலோர ஊர்களில் ஒரு சிக்கல் உண்டு. காகிதத்துக்கு ஜெலட்டின் அல்லது அதுபோன்ற பசை ஏற்றியிருப்பார்கள். அதுதான் வண்ணத்தை உடனே உள்ளே உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. ஈரக்காற்றில் பல மாதம் திறந்தே கிடந்தால் அந்தப் பசை அங்கங்கே கெட்டுப்போகும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூசினால் மட்டும் மழைத்துளி விழுந்தாற்போல் கரும்புள்ளிகள் வரும். அதற்கு வைத்தியம் இல்லை, அந்தத் தாளைப் பேனாச் சித்திரத்துக்கோ கௌவாஷுக்கோ (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) ஒதுக்கிவிடுங்கள். வாங்கியவுடன் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, சுவரை ஒட்டாமல் படுக்கையாக வைத்தால் அந்த நிலை வராது. புதிய ஷூ பெட்டியில் வரும் பொட்டலமே போதும்.

கைத்தயாரிப்புக் காகிதம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பிரிவு போன்ற இடங்களில் பருத்தித் துணிக்கழிவிலிருந்து செய்கிறார்கள், தொட்டாலே ஆசை வரும். ஆனால் கைத்தாள் என்று கடைகளில் கிடைப்பவற்றில் பல, வாழ்த்து அட்டைக்கும் உறைக்கும் செய்யப்பட்டவை, பசை குறைவு. ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாகச் சிறிது நேரம் நின்றால் வாங்கலாம். உடனே உள்ளே போய் மறுபக்கம் ஈரம் தெரிந்தால் வேண்டாம்.

பிரஷ்ஷுக்கு, நல்ல கூர் உள்ள செயற்கை முடி ரவுண்டு 10 ஒன்றும் ஒரு அங்குலப் பட்டை ஒன்றும் போதும்.

24 கலர் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்கலாமா, தனித்தனிக் குழாயாக வாங்கலாமா? சில கலர் ஒரு வருடத்தில் மங்கிவிட்டது.
— வாசகர், ஓசூர்

ஆறு குழாய் வாங்குங்கள், 24ஐ மறந்துவிடுங்கள். பெயரைப் பார்த்து வாங்காமல் குழாயின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பார்த்து வாங்க வேண்டும். எங்கள் பரிந்துரை: மஞ்சள் (பி.ஒய். 154), யெல்லோ ஆக்கர் (பி.ஒய். 43), ரோஸ் (பி.வி. 19), பர்ன்ட் சியன்னா (பி.பி.ஆர். 7, சில கம்பெனிகளில் பி.ஆர். 101, அதுவும் சரி), அல்ட்ராமரின் நீலம் (பி.பி. 29), தாலோ நீலம் (பி.பி. 15). கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் கறுப்பு வரும், தண்ணீர் சேர்த்தால் மழைமேகச் சாம்பல் வரும். கறுப்புக் குழாயில் கிடைக்கும் சாம்பலைவிட இதற்கு உயிர் அதிகம்.

மங்கிப்போனது பெரும்பாலும் அலிசரின் கிரிம்சன் (பி.ஆர். 83) அல்லது ஒளிரும் இளஞ்சிவப்பாக இருக்கும். முன்னது வெளிச்சத்தில் நிற்காது என்பது தெரிந்த கதை. பின்னதில் இருப்பது நிறமி அல்ல, சீக்கிரம் மங்கும் சாயம். சந்தேகம் உள்ள கலரை ஒரு பட்டையாகப் பூசி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். மூடியதற்கும் திறந்ததற்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்தக் குழாய் குழந்தைகளுக்கு.

எங்கள் ஊரைச் சுற்றி வயல்தான். எப்படித் தீட்டினாலும் பிளாஸ்டிக் பாய் விரித்தாற்போல் இருக்கிறது. பச்சையை எப்படிக் கையாள்வது?
— வாசகர், மன்னார்குடி

முதலில் குழாயிலிருந்து வரும் பச்சையை நேராகக் காகிதத்தில் வைப்பதை நிறுத்துங்கள். சாப் கிரீனோ தாலோ கிரீனோ, அதில் துளி பர்ன்ட் சியன்னாவோ ரோஸோ சேர்த்து அதன் காரத்தைக் குறைத்த பிறகுதான் அது செடியின் பச்சை ஆகும்.

அடுத்தது, வயலில் ஒரு பச்சை இல்லை. நாற்றங்கால் கிட்டத்தட்ட மஞ்சள். மஞ்சளைத் தாராளமாக எடுத்து, தாலோ நீலத்தைப் பிரஷ் நுனியால் தொட்டுச் சேர்த்தால் வரும். எப்போதும் மஞ்சளில் நீலத்தைச் சேருங்கள். நீலத்தில் மஞ்சளைச் சேர்க்க ஆரம்பித்தால் குழாய் காலியாகும், பச்சை வராது. நட்டு, தூர் கட்டி நிற்கும் பயிருக்கு அதே மஞ்சளோடு அல்ட்ராமரின். அது தாலோவைவிட அடக்கமான, லேசாகப் புழுதி படிந்த பச்சை தரும். கதிர் வந்து பால் பிடிக்கும்போது யெல்லோ ஆக்கர் உள்ளே வரவேண்டும். முற்றிய பிறகு ஆக்கரும் சியன்னாவும்தான், பச்சை அங்கங்கே எட்டிப் பார்த்தால் போதும்.

பிளாஸ்டிக் பாய் போல் தெரிவதற்கு இன்னொரு காரணம், முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே அடர்த்தியில் பூசுவது. தூரத்து வயல், தென்னந்தோப்பு எல்லாம் காற்றின் ஊடாகத் தெரிவதால் நீலம் கலந்து வெளுத்திருக்கும். முதலில் தூரத்தை, அல்ட்ராமரினும் துளி ரோஸும் கலந்த நீர்த்த சாம்பலில், ஈரத்தின் மீது போடுங்கள். காய்ந்ததும் நடுப்பகுதி. முன்னால் இருக்கும் வயலை மட்டும் அடர்த்தியாக, பிரஷ்ஷைப் படுக்கவைத்து வேகமாக இழுத்து, காகிதத்தின் சொரசொரப்பு வெள்ளையாகத் தெரியும்படி விடுங்கள். வரப்பைக் கோடாக வரையாதீர்கள். இரண்டு பச்சைக்கு நடுவே பூசாமல் விட்ட இடுக்கில் பிறகு ஆக்கர் நிரப்பினால் அது தானே வரப்பாகும். நடவு முடிந்த புது வயலில் பயிரைவிட வானத்தின் பிரதிபலிப்புத்தான் அதிகம் என்பதையும் பாருங்கள். அங்கே வயல் முழுக்க வானத்தின் நிறத்தைப் பூசி, காய்ந்த பின் நாற்றைச் சிறு கீற்றுகளாக வைத்தால் போதும்.

மரங்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னங்கீற்றின் மேல்பக்கம் வானத்தை வாங்கி வெளிர்நீலமாக மின்னும். வெயில் ஊடுருவும் கீற்று மட்டும் மஞ்சள் பச்சை. பனை சாம்பல் பச்சை. வேம்பு பங்குனியில் துளிர்க்கும்போது செம்பு நிறம், அங்கே பச்சையைத் தொடவே வேண்டாம்.

வேலை முடிந்து வீடு வர இரவு ஒன்பது. அரை மணி நேரம்தான் கிடைக்கிறது. என்ன வரைவது என்று யோசிப்பதிலேயே அது போய்விடுகிறது.
— வாசகி, கோயம்புத்தூர்

யோசிக்கும் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுங்கள். அன்றைக்கே ஏழு தபால் அட்டை அளவுத் துண்டு (நாலுக்கு ஆறு அங்குலம்) வெட்டி, ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன வரைவது என்று பென்சிலில் எழுதிவிடுங்கள். சமையலறையே போதும். கத்தரிக்காய்: மினுங்கும் இடத்தைப் பூசாமல் விட்டுச் சுற்றிலும் ஒரே மூச்சில் முடிப்பது. பித்தளைச் சொம்பு: மிக வெளிச்சமான இடத்துக்கு ஒட்டியே மிக இருண்ட இடம் இருப்பதைப் பிடிப்பது. எவர்சில்வர் டம்ளர் இதைவிடக் கஷ்டம். அதற்கென்று நிறமே கிடையாது, பக்கத்தில் இருப்பவற்றின் நிறம்தான். வாரத்தில் இரண்டு நாளாவது பர்ன்ட் சியன்னா ஒன்றை மட்டும் வைத்துத் தீட்டுங்கள். காகிதத்தின் வெள்ளையிலிருந்து முழு அடர்த்தி வரை ஐந்து படி எடுக்கத் தெரிந்துவிட்டால் வண்ணக் கலவையில் வரும் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

விளக்கு முக்கியம். மஞ்சள் பல்பின் கீழ் கலந்த வண்ணம் காலையில் வேறாக இருக்கும். 5000 முதல் 6500 கெல்வின் (பகல் போன்ற வெள்ளை வெளிச்சம்), சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90க்கு மேல் என்று அட்டையில் அச்சிட்ட எல்.இ.டி. வாங்கி, வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் வையுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலை நேரில் உட்கார்ந்து தீட்ட ஆசை. எந்த நேரம், என்ன நிறம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், பட்டுக்கோட்டை

கோயில் கிழக்குப் பார்த்தது. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் முகப்பில் வெயில், விமானத்தின் ஒரு பக்கம் நிழல் என்று இரண்டாகப் பிரிந்து கிடைக்கும். மாலை நாலுக்கு மேல் பின்புறமாகப் போனால் கல் செம்பொன்னாக இருக்கும். உச்சி வெயிலில் நிழல் சுருங்கி எல்லாம் தட்டையாகிவிடும். கல்தரையும் காலைச் சுடும்.

சிற்பங்களை எண்ண ஆரம்பித்தால் அன்றைய நாள் போச்சு. முதலில் தீப்பெட்டி அளவில் ஒரு பென்சில் படம், வானம், வெயில் பட்ட கல், நிழல் கல் என மூன்றே அடர்த்தியில். பிறகு விமானம் முழுவதற்கும், நிழல் பகுதியையும் சேர்த்து, யெல்லோ ஆக்கரும் துளி ரோஸும் நீர்த்துப் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் நிழல் முழுவதையும் ஒரே பூச்சாக, அல்ட்ராமரின் சற்றுத் தூக்கலான சாம்பலில், மேலிருந்து கீழே இறக்குங்கள். கீழே வரவரத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்காக ஈரத்திலேயே சியன்னாவைக் கலந்துவிடுங்கள். தளங்களின் வரிசை, மாடங்கள் எல்லாம் வெயிலும் நிழலும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் சில அடர்ந்த தொடுப்புகள். மீதியைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

காகிதத்தின் மேல் நேர் வெயில் விழ விடாதீர்கள். கண் கூசி, அளவு தெரியாமல் அடர்த்தியாகப் பூசிவிடுவீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருட்டாக இருக்கும். ஈசல், குடை நிறுத்துவதாக இருந்தால் அங்குள்ள ஊழியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மடியில் வைத்த பலகையோடு நின்றுவிடுவது எல்லோருக்கும் நல்லது.

தஞ்சை போகிறவர்கள் சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) காலத்து ஓவியங்கள் அந்த நூலகத்தின் சேகரிப்பில் உண்டு. அதே காலகட்டத்தில் தஞ்சை ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக ஐரோப்பியக் காகிதத்தில் தொழிலாளர்களையும் அவர் மனைவியரையும் ஜோடி ஜோடியாக நீர்வண்ணத்தில் தீட்டித் தந்தார்கள். வெளிநாட்டுச் சேகரிப்புகளில் அவை நிறைய. அந்தப் படங்களில் துணி மடிப்பை எத்தனை குறைந்த தொடுப்பில் முடித்திருக்கிறார்கள் என்று கவனித்துப் பார்ப்பதே ஒரு பாடம்.

வெள்ளை வேட்டி, கோலம், நுரை: இவற்றுக்கு வெள்ளைக் கலர் பூசலாமா? மாஸ்கிங் திரவம் காகிதத்தைக் கிழிக்கிறது.
— வாசகர், தூத்துக்குடி

வேட்டிக்குக் காகிதத்தின் வெள்ளையே போதும், மடிப்புக்கு வெளிர்நீலச் சாம்பல். கோலத்தின் இழைக்கும் நுரைத் துளிக்கும் மாஸ்கிங் திரவம். அது வெள்ளையாக விட வேண்டிய இடத்தை மூடிவைக்கும், அம்மோனியா கலந்த ரப்பர் பால். நன்கு காய்ந்த காகிதத்தில் போட்டு, அதன்மேல் பூசிய வண்ணமும் முழுக்கக் காய்ந்த பிறகே உரிக்க வேண்டும். ஹேர் டிரையர் சூடு காட்டினாலோ, நம் வெயிலில் ஓரிரு நாளுக்கு மேல் விட்டுவைத்தாலோ காகிதத்தின் இழையோடு ஒட்டிக்கொள்ளும், கிழிவது அதனால்தான். பசை குறைந்த காகிதத்தில் எப்படியும் கிழியும். பழைய பிரஷ்ஷைச் சோப்பில் தோய்த்த பிறகு திரவத்தில் விடுங்கள், இல்லையென்றால் முடி ரப்பராகிவிடும். சில துளி மட்டும் என்றால் கடைசியில் வெள்ளைக் கௌவாஷ் வைப்பதில் குற்றம் ஒன்றுமில்லை.

கலர் பெட்டியில் பூஞ்சை.
— வாசகி, சென்னை

ஈரத்தோடு மூடிவிடுகிறீர்கள். தேன் சேர்த்த கலர்கள் மழைக்காலத்தில் எளிதில் பூக்கும். மேல் படலத்தை ஈரத் துணியால் வழித்து எறிந்துவிட்டு, இரவு முழுக்கத் திறந்துவைத்துக் காய்ந்த பிறகு மூடுங்கள். தட்டில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய் விட்ட பஞ்சை வைப்பது பழைய வழக்கம்.

போர்வெல் தண்ணீரில் தீட்டினால் அல்ட்ராமரின் மணல் மணலாகப் படிகிறது. தண்ணீர் காரணமா? முடித்த படத்தைச் சட்டம் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், ராமநாதபுரம்

அல்ட்ராமரின் இயல்பிலேயே மணல் படியும் நிறமி, சொரசொரப்பான காகிதத்தில் இன்னும் அதிகம். உப்பும் சுண்ணாம்பும் கூடிய தண்ணீர் அந்தத் துகள்களைத் திரளவைத்து அதை அதிகப்படுத்தும். கேன் தண்ணீரோ, வடிகட்டிய குடிநீரோ கலந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும். கல்லுக்கும் மண்சுவருக்கும் அந்த மணல் அழகு, வானத்துக்கும் முகத்துக்கும் தொல்லை.

சட்டத்தில் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை ஒன்று இடைவெளி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் கோத்துக் கண்ணாடியோடு ஒட்டும். படத்தின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் தொங்கவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் காகிதம் விரிய இடமில்லாமல் அலை அலையாகத் தூக்கும். செல்லோ டேப் வேண்டாம், மஞ்சளாகிக் கறை விடும். பின்பக்கம் முழுக்க அடைத்து ஒட்டினால் இராமபாணப் பூச்சி உள்ளே போகாது. மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வேறு இடமே இல்லையென்றால் சட்டத்தின் கீழ் இரண்டு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டிக் காற்றுப் போக வழிவிடுங்கள்.